ஏர்பேட்டிலிருந்து முதலீட்டாளர் வரை: ஸ்டார்ட்அப்புக்கு ‘இன்ட்ரோ’ யாரிடம், எப்படிக் கேட்பது?

ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில், காளஹஸ்திக்கு முன்னால் வருகிற சின்ன ஸ்டேஷன் ஏர்பேடு. ராகு-கேது பூஜைக்காகக் காளஹஸ்தி போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு மறந்துவிடுகிற ஊர். 2015-இல் திருப்பதிக்கு ஒரு ஐஐடியும் ஒரு ஐசரும் கிடைத்தன. இரண்டும் நிரந்தர வளாகம் அமைத்தது இந்த ஏர்பேடு மண்டலத்தில்தான். ஆகவே இன்று இங்கே லேப் இருக்கிறது, பேராசிரியர்கள் இருக்கிறார்கள், கம்பெனி தொடங்க ஆசைப்படும் இளைஞர்கள் இருக்கிறார்கள். முதலீட்டாளர்கள் மட்டும் சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கிறார்கள்.

ஒரு நிமிஷம் இப்படி வைத்துக்கொள்ளுங்க. நீங்க நகரியிலோ புத்தூரிலோ வளர்ந்த தமிழ் இன்ஜினியர். சித்தூர் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்காக ஒரு கருவி செய்திருக்கிறீர்கள். தோத்தாபுரி மாம்பழத்தை வெட்டாமலே அதன் இனிப்பளவைச் சொல்லிவிடும். மாடல் வேலை செய்கிறது. அடுத்த கட்டத்துக்கு ஒரு கோடி ரூபாய் வேணும். பிட்ச் டெக் தயார் செய்து, இணையத்தில் கிடைத்த 40 முதலீட்டாளர்களுக்கு மெயில் அனுப்புகிறீர்கள். இரண்டு பேர்தான் பதில் போடுகிறார்கள். அதில் ஒருவர் கேட்பது: “வார்ம் இன்ட்ரோ ஏதாவது இருக்கா?”

அதாவது, எனக்கும் உங்களுக்கும் பொதுவாகத் தெரிந்த யாராவது உங்களை அறிமுகப்படுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. நம்ம ஊர்க்காரர்கள் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ‘இதுவும் சிபாரிசுதானே, யார்கிட்ட போய்க் கை கட்டி நிற்கிறது?’ என்ற கூச்சம். அந்தக் கூச்சம் நியாயமானதுதான். ஆனால் இன்ட்ரோவும் சிபாரிசும் ஒன்றில்லை. அந்த வித்தியாசம் புரிந்தால், யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்ற இரண்டுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

சிபாரிசு என்றால், “நம்ம பையன், பார்த்துச் செய்யுங்க” என்பது. சொல்பவரின் அதிகாரத்துக்காக எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். இன்ட்ரோ அதைவிட ஜாமீன் கையெழுத்துக்குத்தான் நெருக்கம். சீட்டு எடுத்தவருக்காகக் கையெழுத்துப் போடுகிறவர், அவர் ஒழுங்காகக் கட்டுவார் என்று தன் பெயரை அடகு வைக்கிறார். உங்களை அறிமுகப்படுத்துகிறவரும் அதையே செய்கிறார். நீங்க சந்திப்புக்கு வராமல் போனாலோ, எண்களை ஊதிச் சொல்லியிருந்தாலோ, அடுத்த முறை அவர் அனுப்பும் மெயிலை அந்த முதலீட்டாளர் திறக்கமாட்டார். பணம் போகாது, பெயர் போகும்.

முதலீட்டாளர்கள் ஏன் இதையே கேட்கிறார்கள்?

நேரம்தான் காரணம். பால் கோம்பர்ஸ், வில் கோர்னால், ஸ்டீவன் கப்லான், இலியா ஸ்ட்ரெபுலேவ் ஆகிய நான்கு ஆய்வாளர்கள் 681 நிறுவனங்களைச் சேர்ந்த 885 வென்ச்சர் கேபிடல் முதலீட்டாளர்களிடம் ஒரு சர்வே எடுத்தார்கள். ஆய்விதழில் வெளியானது 2020-இல். பெரும்பாலும் அமெரிக்க முதலீட்டாளர்கள்தான். இந்திய நிலவரம் அச்சு அசலாக அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்தத் தொழிலின் உள்பக்கத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற எண்கள் குறைவு.

ஒரு முதலீடு முடிவதற்கு அவர்கள் சராசரியாக 101 நிறுவனங்களைப் பரிசீலிக்கிறார்கள். அதில் 28 பேரைத்தான் நேரில் சந்திக்கிறார்கள். 10 நிறுவனங்கள் பார்ட்னர்கள் கூடும் மேஜைக்குப் போகின்றன. கிட்டத்தட்ட 5 நிறுவனங்களின் கணக்கு வழக்குகள் தீவிரமாக அலசப்படுகின்றன. பணம் கிடைப்பது ஒன்றுக்கு. ஆக, பெரிய வடிகட்டல் நடப்பது முதல் படியிலேயே. 101-இல் 73 பேர் வாய் திறக்கும் முன்பே வெளியே போய்விடுகிறார்கள். இன்ட்ரோ வேலை செய்வது அந்த முதல் படியில் மட்டும்தான். உள்ளே உட்கார்ந்த பிறகு அது உங்களைக் காப்பாற்றாது.

சரி, அவர்கள் பணம் போட்ட நிறுவனங்கள் அவர்களிடம் எப்படி வந்தன? 30 சதவீதத்துக்கும் மேல் தொழில்முறைத் தொடர்புகள் வழியாக. 20 சதவீதம் வேறு முதலீட்டாளர்கள் சொல்லி. ஏறக்குறைய 8 சதவீதம் அவர்கள் ஏற்கெனவே பணம் போட்டிருந்த நிறுவனங்களின் நிறுவனர்கள் சொல்லி. நிறுவனமே நேராகத் தொடர்புகொண்டு வந்தது 10 சதவீதம்.

“பார்த்தீங்களா, எல்லாமே நெட்வொர்க்தான்” என்று இந்த எண்களை வைத்து லிங்க்ட்இன்னில் வகுப்பெடுப்பவர்கள் உண்டு. அவர்கள் வழக்கமாக விட்டுவிடும் ஒரு எண்: கிட்டத்தட்ட 30 சதவீதம் முதலீடுகள், முதலீட்டாளரே தேடிப்போய்க் கண்டுபிடித்தவை. யாரும் அறிமுகம் செய்யவில்லை. ஒரு கண்காட்சியிலோ, ஓர் ஆய்வுக் கட்டுரையிலோ, வாடிக்கையாளர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னதிலோ பெயர் கண்ணில் பட்டிருக்கும். இதோடு அந்த 10 சதவீதத்தையும் சேர்த்தால், பத்தில் நான்கு பேர் இன்ட்ரோ இல்லாமலே உள்ளே வந்திருக்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ‘முடிந்த முதலீடுகளில் 10 சதவீதம் நேரடி மெயில்’ என்பதற்கு, ‘நேரடி மெயில் அனுப்பினால் 10 சதவீத வாய்ப்பு’ என்று அர்த்தமில்லை. மெயில் அனுப்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதில் எத்தனை பேருக்குப் பணம் கிடைத்தது என்பது வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் 40 மெயில் அனுப்பிவிட்டு 4 முதலீட்டாளருக்காகக் காத்திருப்பீர்கள்.

சட்டமும் இதில் ஒரு கை கொடுக்கிறது

இது பலருக்குத் தெரியாத விஷயம். நம்ம நாட்டில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, “எங்க கம்பெனியில் முதலீடு செய்யுங்க, ஷேர் தர்றோம்” என்று ஊரறிய விளம்பரம் செய்ய முடியாது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, தனிப்பட்ட முறையில் பங்கு வழங்கும்போது பொது விளம்பரத்தையோ, ஊடகத்தையோ, ஏஜெண்டுகளையோ பயன்படுத்தித் தெரியப்படுத்துவதைத் தடுக்கிறது. யாருக்குப் பங்கு தரப்போகிறீர்களோ அவர்களை முன்கூட்டியே அடையாளம் கண்டிருக்க வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒரு வகைப் பத்திரத்துக்கு 200 பேருக்கு மேல் அழைக்கக் கூடாது; அனுமதி பெற்ற பெரிய நிதி நிறுவனங்களும், பங்குத் திட்டத்தில் வரும் ஊழியர்களும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள்.

மீறினால், திரட்டிய தொகை அல்லது ரூ. 2 கோடி, இதில் எது குறைவோ அதுவரை அபராதம் வரலாம். வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பவும் வேண்டும். ஆகவே, ‘ஒரு லட்சம் போட்டால் ஒரு சதவீதம் பங்கு’ என்று கல்லூரி பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் போஸ்டர் தட்டிவிடும் முன் ஒரு கம்பெனி செக்ரட்டரியிடம் பேசிவிடுங்க. உங்க கருவியைப் பற்றி ஊரெல்லாம் பேசலாம், தப்பில்லை. பங்கு விற்பனையைப் பற்றித்தான் தனித்தனியாகப் பேச வேண்டும். அதனால் முதலீட்டாளரிடம் போகிற வழி, ஒருவர் பின் ஒருவராக மனிதர்கள் மூலமாகவே போக வேண்டியதாகிறது.

ஸ்ரீஹரிகோட்டா சொல்கிற கதை

ஏர்பேடு இருக்கும் அதே திருப்பதி மாவட்டத்தில்தான் ஸ்ரீஹரிகோட்டாவும் இருக்கிறது. 2024 மே 30 அன்று அங்கிருந்து அக்னிகுல் காஸ்மோஸ் நிறுவனத்தின் ‘அக்னிபாண்’ சோதனை ராக்கெட் கிளம்பியது. சதீஷ் தவான் விண்வெளி மையத்துக்குள் தனக்கென்று அமைத்துக்கொண்ட ஏவுதளத்திலிருந்து! பணம் எப்படிச் சங்கிலிச் சங்கிலியாக வருகிறது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயினும் 2017-இல் அக்னிகுல்லைத் தொடங்கியபோது, இந்தியாவில் தனியார் ராக்கெட் என்பதே முதலீட்டாளர்களுக்குப் புதுச்சொல். அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய துணை பணமில்லை. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தியும், எரிதல் ஆராய்ச்சிக்காக அங்கே இருக்கும் தேசிய மையமும். இஸ்ரோவில் ஜிஎஸ்எல்வி திட்டத்தை வழிநடத்திய ஆர்.வி. பெருமாள் ஆலோசகராக வந்தார். ஐஐடி இன்குபேஷன் செல்லில் இடம் கிடைத்தது. பிறகுதான் 2019-இல் ஸ்பெஷல் இன்வெஸ்ட் நிறுவனம் ரூ. 3 கோடி போட்டது. 2020-இல் பை வென்ச்சர்ஸ் தலைமையில் ரூ. 23.4 கோடி. 2021-இல் மேஃபீல்ட் இந்தியா தலைமையில் 1.1 கோடி டாலர்.

இப்போது சங்கிலியை இன்னொரு பக்கமிருந்து பாருங்க. அதே பேராசிரியர் உருவாக்கிய பறக்கும் டாக்ஸி நிறுவனம் ‘இ-பிளேன்’. அதன் ஆரம்ப முதலீட்டாளர்களில் ஸ்பெஷல் இன்வெஸ்ட் உண்டு. அவர் வழிநடத்திய ஐஐடி ஹைப்பர்லூப் மாணவர் குழுவிலிருந்து கிளைத்த செயற்கைக்கோள் நிறுவனம் ‘கேலக்ஸ்-ஐ’. அதிலும் ஸ்பெஷல் இன்வெஸ்ட் உண்டு. எந்த மெயிலை யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பது வெளியில் இருப்பவருக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் இந்த வரிசை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு வேலையை ஒருவர் கூடவே இருந்து பார்த்திருக்கிறார். அவர் சொன்னது ஒருமுறை சரியாகப் போயிருக்கிறது. அடுத்த இரண்டு முறை அவர் பேச்சுக்கு எடை கூடியிருக்கிறது.

ஏதர் எனர்ஜி கதையிலும் இதே அடுக்கு. ஐஐடி மெட்ராஸில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கியது. ஆரம்பப் பணம் ஐஐடி வழியாகவும், அங்கே படித்து அமெரிக்காவில் கம்பெனி நடத்திய ஒரு முன்னாள் மாணவரிடமிருந்தும் வந்தது. 2014 கடைசியில் ஃபிளிப்கார்ட் நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் 10 லட்சம் டாலர் போட்டார்கள். 2015-இல் டைகர் குளோபல் 1.2 கோடி டாலர் போட்டது. ஃபிளிப்கார்ட்டில் பல வருஷமாகப் பெரிய பங்கு வைத்திருந்த அதே டைகர் குளோபல்தான்.

இந்தக் கதைகளைப் படித்ததும், “சரி, ஐஐடி வாசல் எனக்கு இல்லையே?” என்று தோன்றினால் அது சரியான கேள்வி. ஏர்பேட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு காம்பவுண்டு சுவரே சாட்சி. சுவருக்கு உள்ளே இருக்கும் மாணவருக்கு முன்னாள் மாணவர் சங்கமும் பேராசிரியரும் பிறப்புரிமை மாதிரி கிடைக்கிறார்கள். சுவரிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இன்னொரு கல்லூரியில் படித்தவருக்கு அது இல்லை. திறமையில் வித்தியாசம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தொடர்பில் கட்டாயம் இருக்கிறது.

அந்த வாசல் இல்லாதவர்களுக்கு நான் சுட்டிக்காட்ட விரும்புவது ஃப்ரெஷ்வொர்க்ஸ். கிரிஷ் மாத்ருபூதம் ஐஐடியில் படித்தவரில்லை. ஜோஹோவில் வேலை பார்த்துவிட்டு 2010-இல் சென்னையில் தொடங்கினார். 2011 ஜூனில் முதல் வாடிக்கையாளர் கிடைத்தது, ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. அந்த வருஷக் கடைசியில்தான் ஆக்செல் நிறுவனத்தின் 10 லட்சம் டாலர். அந்த வரிசையைக் கவனியுங்க: முதலில் காசு கொடுத்து வாங்கியவர்கள், பிறகு முதலீட்டாளர். 2021 செப்டம்பரில் கம்பெனி நாஸ்டாக்கில் பட்டியலானது.

யாரிடம் கேட்பது?

நமக்குத் தெரிந்தவர்களில் பெரிய பெயர் யாரோ அவரிடம் கேட்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். நடைமுறையில், உங்க வேலையை யார் நன்றாகப் பார்த்திருக்கிறாரோ அவர் சொல்வதுதான் எடுபடும்.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்த முதலீட்டாளர் ஏற்கெனவே பணம் போட்டிருக்கும் நிறுவனர். இவர் முதலீட்டாளருக்குப் பணம் சம்பாதித்துத் தருகிறவர் அல்லது தர முயல்கிறவர். தப்பான ஆளை அனுப்பினால் அவருக்கே சங்கடம். இத்தகைய நிறுவனர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, ஒவ்வொரு முதலீட்டு நிறுவனமும் தன் இணையதளத்தில் பட்டியல் போட்டிருக்கும். அதில் உங்க துறைக்குப் பக்கத்தில், உங்களுக்குப் போட்டியாக இல்லாத நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுங்க. அவர்களிடம் முதல் மெயிலிலேயே இன்ட்ரோ கேட்க வேண்டாம். அவர்கள் தாண்டி வந்த ஒரு பிரச்சினையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்க. பதில் வந்தால் அதைச் செய்து பார்த்துவிட்டு, என்ன ஆனது என்று திரும்ப எழுதுங்க. மூன்றாவது மெயிலில் இன்ட்ரோ கேட்கும்போது, உங்களைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஏதாவது இருக்கும்.

அடுத்து, வாடிக்கையாளர். நம்ம உதாரணத்தில் அந்த மாங்கூழ் ஆலைக்காரர். சித்தூரில் இருக்கும் ஓர் ஆலை முதலாளிக்கு பெங்களூரு வென்ச்சர் கேபிடல் உலகத்தில் யாரையும் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை. “இந்தக் கருவியைப் போன சீசனில் வைத்தோம், இந்த சீசனில் இன்னும் இரண்டு கேட்டிருக்கோம்” என்று அவர் போனில் சொல்லும் ஒரு வாக்கியம், பெரிய மனிதரின் மூன்று பத்தி மெயிலைவிட வேலை செய்யும். ஆலைக்காரருக்கு ஓர் ஆடிட்டர் இருப்பார், ஒரு வங்கி மேனேஜர் இருப்பார், ஏற்றுமதி செய்யும் சம்பந்தி இருப்பார். ஏஞ்சல் முதலீட்டாளர்கள் பலர் அந்த வட்டத்திலிருந்தே வருகிறார்கள்.

மதுரையில் நேட்டிவ் லீட் ஃபவுண்டேஷன் செய்து காட்டியது இதைத்தான். சென்னைக்கு வெளியே இருக்கும் தொழிலதிபர்களைச் சேர்த்து ஒரு ஏஞ்சல் வட்டம் அமைத்து, சின்ன ஊர் ஸ்டார்ட்அப்களை அவர்கள் முன் நிறுத்தினார்கள். அதைத் தொடங்கிய சிவராஜா ராமநாதன்தான் பிறகு தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் தலைமைக்கு வந்தார்.

பேராசிரியர், பழைய மேனேஜர் ஆகியோரும் நல்ல வழிகளே, உங்களோடு வேலை செய்தவர்களாக இருந்தால். ஒரே ஒரு கருத்தரங்கில் கை குலுக்கியவர் என்றால் வேண்டாம். பத்திரிகையாளர் என்பதால் என்னிடமும் சிலர் கேட்பதுண்டு, “அந்த முதலீட்டாளரை நீங்க பேட்டி எடுத்தீங்களே” என்று. பேட்டி எடுத்ததால் ஒருவரை ‘தெரியும்’ என்றாகிவிடாது. நண்பர் ஒருவருக்காக நான் அப்படி அனுப்பிய ஒரே ஒரு மெயிலுக்கு இன்றுவரை பதில் இல்லை!

தவிர்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர், உங்க கம்பெனியில் பணம் போட மறுத்துவிட்டு, “என் ஃபிரண்டுக்கு அறிமுகம் பண்றேன்” என்கிற முதலீட்டாளர். அந்த ஃபிரண்டு கேட்கப்போகும் முதல் கேள்வி, “நல்ல கம்பெனின்னா நீ ஏன் போடலை?” என்பதுதான். ‘எங்க ஃபண்ட் விவசாயத் துறையில் போடுவதில்லை’ என்பது போல நிஜமான காரணம் இருந்து, அதை அவரே மெயிலில் எழுதுவதாக இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

இன்னொருவர், “ரெண்டு லட்சம் அட்வான்ஸ் கட்டுங்க, பத்து இன்வெஸ்டர் மீட்டிங் கேரண்டி” என்று வருகிற புரோக்கர். செபியில் பதிவு செய்த மெர்ச்சன்ட் பேங்கர்கள் பெரிய ரவுண்டுகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை செய்வது வேறு விஷயம். முதல் கோடியைத் தேடும்போது சந்திப்புக்கே முன்பணம் கேட்பவர், முதலீட்டில் இல்லை, உங்க சேமிப்பில்தான் கண் வைத்திருக்கிறார்.

எப்படிக் கேட்பது?

“அண்ணா, அந்த இன்வெஸ்டர் உங்களுக்குத் தெரியும்ல, ஒரு இன்ட்ரோ குடுங்களேன்.” வாட்ஸ்அப்பில் அதிகம் பறக்கும் வாக்கியம் இது. இதில் என்ன சிக்கல்? அண்ணன் இப்போது உட்கார்ந்து உங்க கம்பெனியைப் பற்றி யோசித்து எழுத வேண்டும். அவருக்கு நேரமில்லை. “பார்க்கலாம் தம்பி” என்பார், அது அப்படியே போய்விடும்.

அவர் அப்படியே ஃபார்வர்டு செய்துவிடக்கூடிய ஒரு தனி மெயிலை நீங்களே எழுதிக் கொடுங்க. அவருடன் பேசும் பேச்சு அதில் இருக்கக் கூடாது. குடும்ப விசாரிப்பெல்லாம் வேறு மெயிலில். நம்ம மாம்பழக் கருவிக்கு அது இப்படி இருக்கலாம்:

“வணக்கம் சார். மாம்பழத்தை வெட்டாமலே இனிப்பளவைச் சொல்லும் கையடக்கக் கருவி செய்கிறோம். சித்தூரில் இரண்டு மாங்கூழ் ஆலைகள் போன சீசனில் பயன்படுத்தின. ஒன்று பணம் கட்டி வாங்கியிருக்கிறது. கூழுக்கு உதவாத லோடை வாசலிலேயே திருப்பிவிட முடிகிறது. 20 கருவிகள் செய்து கிருஷ்ணகிரிக்கும் கொண்டுபோக ஒரு கோடி ரூபாய் தேடுகிறோம். உணவுப் பதப்படுத்தும் துறையில் அவர்கள் ஏற்கெனவே முதலீடு செய்திருப்பதால் அவர்களிடம் பேச விரும்புகிறோம். 20 நிமிடம் கிடைத்தால் போதும். எட்டுப் பக்க டெக் இணைத்திருக்கிறேன்.”

கவனியுங்க, இதில் ‘புரட்சி’ இல்லை, சந்தை மதிப்பு இத்தனை ஆயிரம் கோடி என்ற வழக்கமான பாட்டும் இல்லை. என்ன செய்கிறோம், யார் காசு கொடுத்தார்கள், எவ்வளவு வேணும், ஏன் இவரிடம் வருகிறோம். கடைசிக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் அந்த முதலீட்டாளரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

அறிமுகம் செய்கிறவர் முதலில் முதலீட்டாளரிடம், “இவரை அறிமுகப்படுத்தட்டுமா?” என்று தனியாகக் கேட்டுவிட்டு, சரி என்றால் மட்டும் இருவரையும் ஒரே மெயிலில் சேர்ப்பதுதான் மரியாதை. அப்படிச் செய்யச் சொல்லி நீங்களே கேளுங்க. “வேண்டாம்னு தோணினா தயங்காம சொல்லிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்” என்று ஒரு வரியும் சேருங்க. மறுப்பதற்கு ஒரு கதவு திறந்திருந்தால்தான், ஒப்புக்கொள்கிறவர் மனசாரச் சொல்வார். அரை மனசு இன்ட்ரோ, இன்ட்ரோ இல்லாததைவிட மோசம்.

மெயில் வந்ததும் அன்றைக்கே பதில் போடுங்க. அறிமுகம் செய்தவரைப் பிசிசிக்கு மாற்றிவிடுங்க, உங்க தேதி பேரமெல்லாம் அவர் இன்பாக்ஸில் விழ வேண்டாம். சந்திப்பு முடிந்ததும் என்ன நடந்தது என்று அவருக்கு இரண்டு வரி எழுதுங்க, பதில் ‘நோ’ என்றாலும். இந்தக் கடைசி வேலையை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை என்பது என் அனுபவம்.

யாருமே தெரியாது என்றால்?

அப்போது உங்களுக்காக வாக்குக் கொடுப்பதையே வேலையாக வைத்திருக்கும் அமைப்புகளிடம் போக வேண்டும். இன்குபேட்டர் என்றால் மேஜை, நாற்காலி, வைஃபை என்று நினைக்கிறோம். அதன் உண்மையான சரக்கு, “இவர்களை நாங்கள் சோதித்துப் பார்த்துவிட்டோம்” என்ற முத்திரை.

ஏர்பேட்டிலேயே ஐஐடி திருப்பதி நவாவிஷ்கார் ஐ-ஹப் ஃபவுண்டேஷன் இருக்கிறது. மத்திய அரசின் சைபர்-பிசிக்கல் தேசியத் திட்டத்தின் கீழ் நாடு முழுக்க அமைந்த 25 மையங்களில் ஒன்று. இடங்காணல், துல்லிய அளவீட்டுத் தொழில்நுட்பங்கள் இதன் துறை. பழத்தை வெட்டாமல் அளக்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் எது?

ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் திட்டம் 2021-இல் ரூ. 945 கோடியில் தொடங்கப்பட்டது. இதில் பணம் வருவது இன்குபேட்டர்கள் மூலம்தான். மாடல் செய்து நிரூபிக்க ரூ. 20 லட்சம் வரை மானியம். சந்தைக்குக் கொண்டுபோக ரூ. 50 லட்சம் வரை கடனாகவோ, பின்னால் பங்காக மாறும் பத்திரமாகவோ. விண்ணப்பிக்கும்போது கம்பெனிக்கு இரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும், டிபிஐஐடி அங்கீகாரம் வேண்டும், இந்திய நிறுவனர்கள் கையில் 51 சதவீதம் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று இன்குபேட்டர்களை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கலாம். அங்கேயே போய் உட்கார வேண்டும் என்ற கட்டாயமில்லை. உங்களுக்குப் பிடித்த இன்குபேட்டரில் இப்போது விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று போர்ட்டலில் பார்த்துவிட்டுத் தொடங்குங்க.

எல்லையோரத் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி இங்கே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் டான்சீட் திட்டம் ரூ. 10 லட்சம் தருகிறது. பெண்கள் நடத்தும் நிறுவனம் உள்ளிட்ட சில வகைகளுக்கு ரூ. 15 லட்சம். ஆனால் கம்பெனி தமிழ்நாட்டில் பதிவாகியிருக்க வேண்டும். நீங்க வீட்டில் தமிழ் பேசினாலும், ஏர்பேட்டில் பதிவு செய்த கம்பெனி ஆந்திரக் கம்பெனிதான். உங்களுக்கான வழி ஆந்திர அரசின் ரத்தன் டாடா இன்னொவேஷன் ஹப். அதன் கிளைகளில் ஒன்று திருப்பதிக்கு. பின்னால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பதிவு அலுவலகத்தை மாற்ற மத்திய அரசின் மண்டல இயக்குநர் ஒப்புதல் வரை போக வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் வாடிக்கையாளர், எந்தப் பக்கம் லேப் என்று பார்த்து, கம்பெனி பதிவு செய்யும் முன்பே முடிவெடுங்க.

இன்ட்ரோ கேட்காமல் நேரடி விண்ணப்பம் வாங்குகிறவர்களும் உண்டு. ஒய் காம்பினேட்டர், பீக் எக்ஸ்வியின் சர்ஜ், ஆக்செலின் ஆட்டம்ஸ், மும்பையின் 100எக்ஸ்.விசி போன்றவை. 2007 முதல் இயங்கும் தி சென்னை ஏஞ்சல்ஸிலும் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். இன்னொரு நல்ல செய்தி, ஏஞ்சல் டாக்ஸ் என்ற தலைவலியை 2024 ஜூலை பட்ஜெட் நீக்கிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் நல்ல விலைக்குப் பங்கு வாங்கினால் அந்தக் கூடுதல் விலையை வருமானமாகக் கணக்கிட்டு உங்களிடம் வரி கேட்ட காலம் முடிந்தது.

எப்போது தொடங்குவது?

மேலே சொன்ன அதே சர்வேயில் ஒரு முதலீடு முடிய சராசரியாக 83 நாட்கள் ஆகிறது. அது பேச்சு தொடங்கிய பிறகு. இன்ட்ரோ தேடும் வாரங்களையும், பேப்பர் வேலைகளையும் சேர்த்து ஆறு மாதம் என்று கணக்கு வையுங்க. வங்கியில் இரண்டு மாதச் சம்பளம் மட்டும் மிச்சமிருக்கும்போது கேட்கும் இன்ட்ரோவில் அவசரம் தெரியும், எதிரில் இருப்பவர் அதை விலையில் காட்டுவார். ஒருவர் பதிலுக்காகக் காத்திருந்து அடுத்தவரிடம் போவதும் வேண்டாம். பத்துப் பேர் பட்டியல் போட்டு, ஒரே இரண்டு வாரத்துக்குள் எல்லா அறிமுகங்களையும் கேட்டுவிடுங்க.

மாம்பழக் கருவிக்காரருக்கு இந்தக் காலண்டர் இன்னும் கறாரானது. சித்தூரில் தோத்தாபுரி வரத்து சூடுபிடிப்பது ஜூனில். அந்த சீசனில் ஆலைக்குள் கருவி இருந்தால்தான், ஆகஸ்டில் முதலீட்டாளருக்குக் காட்ட எண்கள் இருக்கும். ஆலை மேனேஜரைப் பிடித்து, சோதனைக்கு ஒத்துக்கொள்ள வைக்க மார்ச், ஏப்ரல்தான் இருக்கிறது. அந்த மேனேஜரை அறிமுகப்படுத்த யார் இருக்கிறார்கள்? அது சென்னையிலோ பெங்களூருவிலோ தேட வேண்டிய ஆளில்லை. மண்டியில் எடை போடுகிறவருக்குத் தெரியும், லோடு ஓட்டும் டிரைவருக்குத் தெரியும், மாமா தோப்பில் காய் எடுக்கும் வியாபாரிக்குத் தெரியும். அந்த முதல் இன்ட்ரோவை இந்த வாரமே கேட்டுவிடலாம்.